சிறிய உழவு இயந்திரமும் கவர்க்கரங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐந்து அல்லது பத்து ஏக்கர் நிலத்தில் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்வோர் பலரிடம் இன்று ஒரு சிறிய உழவு இயந்திரம் இருக்கின்றது. யப்பான் நாட்டுக் குபோட்டா நிறுவனம் 1969ஆம் ஆண்டில் 21 குதிரைவலுவுள்ள இயந்திரமொன்றை அந்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர் இவ்வகைச் சிற்றியந்திரங்கள் அங்கே பெருகலாயின. உழவு இவற்றின் பணிகளுள் ஒன்று மாத்திரமே. எண்ணெய் அமுக்கத்தால் உயர்ந்து தாழும் இரண்டு கைகள் முன்புறத்தில் உள்ளன. அவற்றின் நுனியில் மண் அள்ளும் வாளியொன்று பூட்டப்பட்டிருக்கும். முன்சுமையேற்றி என்பது இவ்வமைப்பின் பெயர்.

அவ்வாளியைக் கழற்றிவிட்டு இரண்டு நீண்ட உருக்குக் கரங்களைப் பூட்டுவோர் பலர். பண்டசாலைகளில் ஓடும் போர்க்லிப்ட் வண்டியின் கரங்களை ஒத்த இவற்றைக் கவர்க்கரங்கள் எனலாம். பலெற் எனப்படும் மரத்தட்டின் அடியிலே இவற்றைச் செலுத்தினால், தட்டின் மேலுள்ள பொருள்கள் யாவும் ஒருங்கே எழும். ஒருவர் தோளில் ஐம்பது முறை சுமக்க வேண்டியதை ஒரே தூக்கில் முடிக்கலாம் என்னும் ஆசை இயல்பானதே. ஆயினும், எந்தக் கரத்தை வாங்குவது என்னும் வினாவில் பணம் மாத்திரமன்றி உயிரும் அடங்கியுள்ளது.

அந்நாட்டின் குளிர்ப் பகுதிகளில் வீட்டு அடுப்புக்கெனச் சிறு கட்டிகளாக அமுக்கிய மரத்தூளை விற்கின்றனர். 40 இறாத்தல் கொண்ட பைகள் 50 ஒரு தட்டில் அடுக்கப்பட்டு வரும். மொத்தம் 2000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம். லொறி அதனை வீதியோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றது. வீட்டுக்காரர் கடைக்குச் சென்று, 4000 இறாத்தல் தாங்குமெனப் பொறித்த கவர்க்கரங்களைக் காண்கின்றார். தம் தேவைக்கு இருமடங்கு வலிமை உண்டென்று மகிழ்ந்து வாங்குகின்றார். பிழை இங்கேதான் தொடங்குகின்றது. பொறித்த எண், கரம் வளையாமல் தாங்கும் பாரத்தைக் குறிப்பது. இயந்திரம் தூக்கக்கூடிய பாரத்தைப் பற்றி அது யாதொன்றும் கூறவில்லை.

இயந்திரத்தின் கைந்நூலில் ஓர் எண் இருக்குமே எனின், அவ்வெண் எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் அது வாளி கையோடு இணையும் ஆணியில் அளக்கப்பட்டதாக இருக்கும். சில நூல்கள் ஆணிக்கு 500 மில்லிமீற்றர் முன்னே அளந்த எண்ணையும் தரும். கவர்க்கரம் வாங்குவோர்க்கு அதுவே மிகவும் பயன்படும். பாரம் அதே பாரந்தான் என்றாலும், அது இருக்கும் தூரம் மாறினால் யாவும் மாறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலா மிதித்தவர்கள் இதனை நூலின்றியே அறிவர். மிதிப்பவரின் எடை மாறுவதில்லை. அவர் நிற்கும் இடம் மாறுகின்றது. அதனாலேயே வாளி ஏறி இறங்குகின்றது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைக் கொள்வோம். சுமையேற்றியின் கைகள் இயந்திரத்தோடு பொருந்தும் இடத்திலிருந்து நுனி ஆணி 1.6 மீற்றர் முன்னே இருக்கின்றது. அவ்வாணியில் 600 கிலோவைத் தூக்கலாம் என வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 960 வரும். தூக்கும் வலு முழுவதும் இதற்குள் அடங்கல் வேண்டும். கவர்க்கரங்களும் அவற்றைத் தாங்கும் சட்டகமும் 130 கிலோ எனின், அவற்றின் எடைநடு ஆணிக்கு 30 சதமமீற்றர் முன்னே இருப்பதால் 247 செலவாகிவிடும். எஞ்சுவது 713. 48 அங்குலத் தட்டின் எடைநடு சட்டகத்தின் முகத்திலிருந்து 60 சதமமீற்றர் தூரத்தில் இருக்கும். முகமோ ஆணிக்கு 15 சதமமீற்றர் முன்னே இருக்கும். ஆகவே பாரம் 2.35 மீற்றர் தூரத்தில் நிற்கின்றது. 713ஐ 2.35ஆல் வகுத்தால் விடை 303 கிலோ. நூலில் 600 என்றிருந்தது கையில் அரைவாசியாகிவிட்டது. மரத்தூள் பைகளில் 16 போக, மிகுதி 34 வீதியிலேயே கிடக்கும்.

இனி, சட்டகமும் கரங்களும் 80 கிலோ மாத்திரமே உடையனவாயின், அதே கணக்கில் ஏறத்தாழ 345 கிலோ தூக்கலாம். பளுவான கருவியை வாங்கியவர் தம் இயந்திரத்தின் வலுவிற் பெரும்பகுதியை அக்கருவியைத் தூக்குவதற்கே கொடுத்துவிடுகின்றார். ஆதலின், சிற்றியந்திரத்துக்கு வேண்டுவது அது தூக்கக்கூடிய பாரத்துக்குச் சற்றே மேலான வலிமையுள்ள இலேசான கரமே. பழைய போர்க்லிப்ட் வண்டியின் தடித்த கரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று மயங்குதல் தகாது.

இன்னும் மலிவான வழியொன்று உண்டு. வாளியைக் கழற்றாமல், அதன் உதட்டிலே திருகாணியால் இறுக்கும் கரங்கள் விற்பனையாகின்றன. வாளியின் எடையும் நீங்காது. பாரமும் வாளியின் ஆழம் முழுவதையும் தாண்டி முன்னே போய்விடும். மேலே கண்ட இயந்திரத்தில் இவற்றைப் பூட்டினால் 250 கிலோ அளவிலேயே தூக்க முடியும். வாளியின் உதடு வளைவதும் உண்டு. மரக்கிளை, வேலித்தடி முதலியவற்றை அள்ளுவதற்கு இவை போதும். தட்டுத் தூக்குவதற்கு ஏற்றன எனச் சொல்வதற்கில்லை.

சட்டகத்தை வாங்குமுன், அது இயந்திரத்தோடு பொருந்துமா எனக் காணல் வேண்டும். சறுக்கித் திரும்பும் சிறு சுமையேற்றி வண்டியை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கெல்லர் சகோதரர் இருவர் 1957இல் உருவாக்கினர். அதன் வழிவந்த பொப்கற் வண்டிகளுக்கு 1970இல் அமைந்த விரைவுப் பிணைப்பே பின்னர் பல நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. யோன் டியர் நிறுவனமோ தன் சிற்றியந்திரங்களுக்கு வேறொரு பிணைப்பை வழங்கி வந்துள்ளது. ஒன்றுக்குரியது மற்றொன்றில் ஏறாது. இடையில் மாற்றுத் தகடொன்றைப் பூட்டலாமெனினும், அது எடையையும் கூட்டும், பாரத்தையும் மேலும் முன்னே தள்ளும்.

கரத்தின் நீளத்தைப் பற்றிப் பலர் வீணே வாதிடுவர். தட்டின் எடைநடு தட்டைப் பொறுத்ததே ஆகையால், நீளம் குறைந்த கரம் பாரத்தைக் கிட்டக் கொண்டுவராது. எடையைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. 48 அங்குலத் தட்டுக்கு 42 அங்குலக் கரம் தாராளமாகப் போதும். நுனி தட்டுக்கு வெளியே நீளாமையால், பின்னாலுள்ள பொருளைக் குத்திக் கிழிக்கும் தொல்லையும் இல்லை. தட்டு கரத்தின் குதிவரை வந்து சட்டகத்தை ஒட்டி நிற்பதே முக்கியம். ஓட்டுநரின் ஆசனத்திலிருந்து கரங்களின் நுனி தெரிகின்றதா என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சட்டகத்தின் உயரம் அற்பமான விடயமன்று. பல சிற்றியந்திரங்களில், கைகள் மேலே எழ எழக் கரங்கள் தாமாகவே பின்னோக்கிச் சாயும். தாழ்வில் மட்டமாக இருந்த கரம் உச்சியில் ஓட்டுநரை நோக்கிச் சரிந்த பள்ளமாகிவிடும். உருளை வடிவில் கட்டிய உலர்புற் பொதியொன்று அப்பள்ளத்தில் உருண்டு, கைகளின் வழியே ஓட்டுநர் மீது விழுந்தால் அவர் தப்புதல் அரிது. உயர்ந்த பின்தடுப்புள்ள சட்டகம் இதற்கு ஓரளவு காவல். எனினும், பொதியைக் குத்தித் தாங்கும் ஈட்டிக் கருவி இருக்க, கவர்க்கரத்தில் அதனை உயரத் தூக்குதல் அறிவுடைமையாகாது.

முன்னே பாரம் ஏறினால் பின்சக்கரம் இலேசாகும். ஆகவே பின்புறத்தில் எதிர்ப்பாரம் வேண்டும். பின்ரயர்களுக்குள் திரவம் நிரப்புதல் இயந்திரத்தை நிலைக்கச் செய்யும். ஆனால் முன்னச்சின் சுமையைக் குறைக்காது. கொங்கிறீற்று நிறைத்த பெட்டியைப் பின்னச்சுக்கு அப்பால் தொங்கவிட்டால் இரண்டும் கைகூடும். முன்னச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியில் அசைவதால், பார்வைக்கு நான்கு சக்கரங்களில் நிற்கும் இவ்வியந்திரம் உண்மையில் முக்காலி போன்றது: பின்சக்கரங்கள் இரண்டு கால்கள், முன்னச்சின் நடு மூன்றாவது கால். பாரம் எடைநடுவை இம்முக்கோணத்தின் ஒடுங்கிய முனைக்குத் தள்ளுகின்றது. உயர்த்திய பாரம் அதனை மேலேயும் கொண்டுபோகின்றது. அந்நிலையில் ஒரு சக்கரம் சிறு குழியில் இறங்கினாலும் இயந்திரம் பக்கமாகக் கவிழலாம். பாரத்தை நிலத்துக்கு ஓரடி உயரத்தில் வைத்து மெல்ல ஓட்டுதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

சுவீடன் 1959இலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் அந்நாட்டில் இவ்வகை மரணங்கள் பெரிதும் குறைந்தன. இக்காலச் சிற்றியந்திரங்களில் அச்சட்டகம் மடக்கக்கூடியதாக இருப்பதுண்டு. கொட்டிலின் தாழ்ந்த வாயிலுக்காக மடக்கியவர் வெளியே வந்ததும் அதனை நிமிர்த்தி, ஆசனப்பட்டியையும் கட்டுதல் வேண்டும். மடக்கிய நிலையில் பட்டி கட்டுதல் ஆபத்து. நிமிர்ந்த நிலையில் கட்டாதிருத்தலும் அவ்வாறே.

பழைய கரங்களை வாங்குவோர் அவற்றின் குதியைப் பார்த்தல் வேண்டும். நிலத்தில் உரசித் தேய்வது அவ்விடமே. மூலத் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அக்கரத்தை ஒதுக்கிவிடல் வேண்டும் என்பது சர்வதேச நியமம். வளைவைத் தாங்கும் வலிமை தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், பத்தில் ஒரு பங்கு தேய்ந்த கரம் ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்துவிடுகின்றது. இக்கரங்கள் வெப்பத்தாற் பதம் ஏற்றிய உருக்கினால் ஆனவை. தேய்ந்த இடத்தை வெல்டிங் செய்து நிரப்பினாலும், கொக்கி மாட்டுவதற்கெனத் துளையிட்டாலும் அப்பதமும் வலிமையும் கெடும். அளப்பதற்குச் சிறிய அளவுகோல் ஒன்று போதும்: தேயாத நிமிர்ந்த தண்டின் தடிப்பை முதலில் அளந்து, பின்னர் குதியை அளந்து, இரண்டையும் ஒப்பிடலாம்.