வேகமானியும் மாற்றிய கியர்ப் பெட்டியும்

மோட்டார் வண்டியின் வேகமானியை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். முள் 60 என்ற எண்ணின்மேல் நின்றால், வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்கிறது என்று ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அக்கருவிக்குச் சாலையும் தெரியாது, சக்கரமும் தெரியாது. தன்னோடு இணைத்த ஒரு கம்பி எத்தனை விரைவாகச் சுழல்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்று வண்டியைச் செய்தவர்கள் ஒரு கணக்கை வகுத்து, அதற்கேற்ப முகப்பில் எண்களைப் பொறித்திருக்கிறார்கள். வண்டியின் உறுப்பொன்றை மாற்றும்போது அந்தக் கணக்கு பிசகினால், கருவி பழுதின்றி இருந்தும் பொய்யான எண்ணைக் காட்டும். கியர்ப் பெட்டியை மாற்றும்போது இப்பிசகு எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு நீக்குவது என்பதையே இன்று உங்களுக்கு விளக்க எண்ணுகிறேன். காகிதமும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்.

முதலில் கருவியின் உள்ளே நோக்குவோம். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கேபிள் எனப்படும் முறுக்குக் கம்பியின் நுனியில் ஒரு நிலைக்காந்தம் சுழல்கிறது. அதனைச் சூழ்ந்து, ஆனால் அதனைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, கிண்ணத்தையும் உடன் இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இழுப்பு வேகத்திற்கேற்ப மிகும். ஆகவே கிண்ணத்தோடு பொருத்திய முள்ளும் வேகத்திற்கேற்ப நகரும். தூரத்தைக் காட்டும் எண் உருளைகளோ காந்தத்தை நம்பியிருப்பவை அல்ல. அவை பற்சக்கரங்களால் கேபிளோடு நேராக இணைந்தவை. இவ்வேற்றுமையை நினைவில் வையுங்கள். பின்னால் இது பெரிதும் உதவும்.

இனி, கேபிளைச் சுழற்றுவது எது? பின்சக்கரங்களால் ஓடும் வண்டியில், கியர்ப் பெட்டியிலிருந்து பின்புறமாக வெளியேறும் தண்டில் திருகு போன்ற ஒரு சிறு பற்சக்கரம் இருக்கும். அதனோடு பொருந்திச் சுழலும் மற்றொரு சிறு சக்கரத்தின் நடுவே கேபிள் செருகப்பட்டிருக்கும். முன்னதை ஓட்டும் சக்கரம் என்றும், பின்னதை ஓடும் சக்கரம் என்றும் அழைப்போம். மாணவர்கள் பலர் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுப்புவர்: "ஐயா, முதற் கியரிலும் ஐந்தாங் கியரிலும் எஞ்சினின் சுற்று வேறு வேறு ஆயிற்றே? அப்படியானால் வேகமானி குழம்பாதா?" குழம்பாது. கியர்களின் வேலை முழுவதும் முடிந்த பிறகு, வெளியேறும் தண்டிலிருந்தே கணக்கு எடுக்கப்படுகிறது. அத்தண்டு எந்தக் கியரிலும் பின்சக்கரத்தோடு ஒரே விகிதத்தில்தான் சுழலும். எனவே நான்கு கியர்ப் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர்ப் பெட்டியை வைத்ததனால் மட்டும் பிழை நேராது. அந்த இரு சிறு சக்கரங்களின் பற்கள் மாறுவதே பிழைக்குக் காரணம்.

என் மகளின் மகன் அமெரிக்காவில் பயில்கிறான். அவன் பழைய போர்டு மஸ்டாங் வண்டியொன்றை வாங்கினான். முன்பு வைத்திருந்தவர் அதன் தானியங்கிக் கியர்ப் பெட்டியை நீக்கிவிட்டு, கிளட்ச்சோடு கூடிய ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்தியிருந்தார். "தாத்தா, முள் 55-ஐத் தாண்டவில்லை, ஆயினும் சாலையில் எல்லாரையும் நான்தான் முந்திக்கொண்டு போகிறேன்" என்று எழுதினான். பல நூறு மைல் ஓட்டிய பின்னரே அவனுக்கு ஐயம் பிறந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறக்கம் கலைந்துபோயிற்று. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

அமெரிக்க வண்டிகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஏற்பாடு, கேபிள் 1000 முறை சுழன்றால் ஒரு மைல் என்பது. அவனுடைய டயர் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 810 முறை உருள்கிறது. பின் அச்சின் விகிதம் 3.08, அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, கியர்ப் பெட்டியின் தண்டு 3.08 முறை சுழல வேண்டும். இரண்டையும் பெருக்கினால் மைலுக்கு ஏறத்தாழ 2495 சுற்று. பழைய பெட்டியில் ஓட்டும் சக்கரத்திற்கு 8 பற்கள், ஓடும் சக்கரத்திற்கு 20 பற்கள். 2495-ஐ 8-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 998. மிக நேர்த்தியான பொருத்தம்! புதிய பெட்டியில் ஓட்டும் சக்கரத்திற்கு 7 பற்களே இருந்தன. ஆனால் பழைய 20 பல் சக்கரத்தையே எடுத்து அதில் செருகிவிட்டார்கள். இப்பொழுது கேபிள் மைலுக்கு 873 முறைதான் சுழல்கிறது. 1000 இருக்க வேண்டிய இடத்தில் 873. முள் 55 காட்டும்போது வண்டியின் உண்மை வேகம் 63.

எட்டு மைல் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 63-ஐ 55-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 1.31. தடை போட்டபின் வண்டி நிற்பதற்கு, ஓட்டுபவன் எண்ணியதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான தூரம் வேண்டும். சாலையின் குறுக்கே குழந்தையொன்று ஓடிவருமாயின் அந்தத் தூரம் எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதனாலேயே ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் விதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. சற்று மிகுத்துக் காட்ட மட்டும் இடம் தருகிறது. அமெரிக்கா அவ்விதியை ஏற்ற நாடன்று. ஆயினும் அதன் நியாயம் எந்நாட்டுச் சாலைக்கும் பொருந்துவதே.

திருத்துமுன் அளக்க வேண்டும். பிறர் சொன்ன பல் எண்ணிக்கையை நம்பிக் கடைக்குப் போவது வீண் செலவு. அந்நாட்டுப் பெருஞ்சாலைகளில் மைலுக்கொரு குறிப்பலகை உண்டு. டயர்களில் உரிய அளவு காற்றை நிரப்பிக்கொண்டு, பத்து மைல் ஓட்டி, தூர எண்கள் எவ்வளவு நகர்ந்தன என்று குறித்துவருமாறு எழுதினேன். 8.7 என்று விடை வந்தது. பிறகு ஒரு நண்பனைப் பக்கத்தில் அமர்த்தி, முள்ளை 60-இல் நிலைநிறுத்தி, ஒரு மைலைக் கடக்கும் நேரத்தை அந்நண்பனே பார்க்கவேண்டும் என்றேன். 60 மைல் வேகமானால் 60 வினாடி ஆக வேண்டும். ஆனது 52 வினாடி. 3600-ஐ 52-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 69. இரண்டு சோதனையும் ஒரே விகிதப் பிழையைக் காட்டின. ஆகவே குற்றம் பற்சக்கரங்களில்தான் என்பது உறுதியாயிற்று. தூர எண்கள் சரியாக இருந்து முள் மட்டும் பிழைத்திருந்தால், காந்தமோ சுருள்வில்லோ தளர்ந்தது என்று கொண்டு, கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பியிருப்போம். அந்நிலையில் பற்சக்கரத்தை மாற்றியிருந்தால், சரியாக இருந்த தூரக் கணக்கும் கெட்டிருக்கும்.

திருத்தத்திற்குரிய சூத்திரம் எளியது. இப்போதுள்ள ஓடும் சக்கரத்தின் பற்களை, கருவி காட்டிய தூரத்தால் பெருக்கி, உண்மைத் தூரத்தால் வகுக்க வேண்டும். 20 பெருக்கல் 8.7 வகுத்தல் 10, விடை 17.4. பல்லில் பின்னம் ஏது? 17 அல்லது 18 பல் சக்கரத்தையே போட முடியும். பள்ளிக்கூடக் கணக்கில் 17.4-ஐ 17 என்று முழுமைப்படுத்துவோம். இங்கும் அதுவே விடை, ஆனால் காரணம் வேறு. 18 பல் போட்டால் உண்மையில் 60 செல்லும்போது முள் 58 காட்டும். 17 பல் போட்டால் 61 அல்லது 62 காட்டும். விடை 17.8 என்று வந்திருந்தாலும் நான் 17-ஐயே எழுதி அனுப்பியிருப்பேன்.

ஓடும் சக்கரத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. பெட்டியின் பின்பகுதியில் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது கேபிளோடு வெளியே வந்துவிடும். பற்களின் எண்ணிக்கையை இனங்காண இச்சக்கரங்களை வெவ்வேறு நிறத்தில் செய்கிறார்கள். ஓட்டும் சக்கரத்தை 8 பல்லாக மாற்றினால் பழைய நேர்த்தியே திரும்பியிருக்கும். ஆனால் அதற்குப் பெட்டியின் வால்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும். பெட்டி வெளியே இருக்கும்போதே அதனைச் செய்வது அறிவுடைமை; வண்டியில் பூட்டியபின் அதற்காகக் கழற்றுவது வீண் பாடு. பொருத்தமான சக்கரமே கிடைக்காத வண்டிகளுக்கு, கேபிளின் நடுவே பூட்டக்கூடிய சிறு விகிதப் பெட்டிகள் உண்டு. கேபிளுக்குப் பதிலாக மின்துடிப்புகளால் இயங்கும் பிற்கால வேகமானிகளில், துடிப்புகளின் எண்ணிக்கையை மாற்றித் தரும் மின்னணுக் கருவி அவ்வேலையைச் செய்கிறது. கணக்கு மட்டும் எல்லாவற்றிற்கும் ஒன்றே.

பின் அச்சின் விகிதத்தையோ டயரின் அளவையோ மாற்றினாலும் இக்கணக்கை மீண்டும் போட்டாக வேண்டும். புதிய டயர் தேய்ந்து வழுக்கையாவதற்குள் அதன் சுற்றளவு நூற்றுக்கு இரண்டு பங்கு வரை குறைவதுண்டு. 17 பல் சக்கரம் ஏற்கெனவே சற்று மிகுத்துக் காட்டுகிறது. டயர் தேயத்தேய அந்த மிகுதி மேலும் கூடும். ஆயினும் முள் ஆபத்தான பக்கம் சாயாது.

பேரன் புதிய சக்கரத்தைப் பூட்டி, அதே பத்து மைலை மறுபடியும் ஓட்டிப் பார்த்து, 10.3 என்று எழுதினான். ஒன்று மட்டும் எஞ்சியது. பழைய பிழையோடு வண்டி ஓடிய காலத்தின் தூரம் குறைவாகவே பதிவாகியிருக்கிறது; 6000 மைல் என்று பதிவானது உண்மையில் ஏறத்தாழ 6870 மைல். தூர எண்களில் கைவைப்பதை அமெரிக்கச் சட்டம் 1972 முதல் தடுக்கிறது. ஆகவே எண்களை அப்படியே விட்டுவிட்டு, சக்கரம் மாற்றிய நாளையும், அன்று காட்டிய மைலையும், இரு சக்கரங்களின் பற்களையும் ஓர் அட்டையில் எழுதி வண்டியின் கையேட்டினுள் வைக்கச் சொன்னேன். அவனிடமிருந்து அந்த வண்டியை வாங்குபவர் அதைக் கொண்டு மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.