செல்லுக்குள் நடப்பது என்ன? – 17: கொழுப்பு என்சைமைத் தேடும் ஆன்டிபாடி

கொழுப்பு அமில சிந்தேஸ் என்பது உடலுக்குள் புதிதாகக் கொழுப்பு அமிலத்தை உருவாக்கும் என்சைம். உணவில் மிஞ்சிய மாவுச்சத்து கல்லீரலில் கொழுப்பாக மாறும்போது, அந்த வேலையின் முக்கியக் கட்டத்தை நடத்துவது இதுதான். ஓர் அசிட்டைல் கோ-ஏ மூலக்கூறையும் 7 மலோனைல் கோ-ஏ மூலக்கூறுகளையும் எடுத்துக்கொண்டு, 14 என்ஏடிபிஹெச் மூலக்கூறுகளைச் செலவிட்டு, 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தை இது தருகிறது. மனிதரில் இது 2,511 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. எடை ஏறத்தாழ 273 கிலோடால்டன். இத்தகைய இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

கல்லீரல், கொழுப்புத் திசு, பால் சுரக்கும் மார்பகம் ஆகியவற்றில் இந்த என்சைம் நிறைய உண்டு. மற்ற திசுக்கள் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் கொழுப்பையே பயன்படுத்துவதால், அவற்றில் இது குறைவு. ஆனால் மார்பகம், புராஸ்டேட் உள்ளிட்ட பல உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களில் இதன் அளவு வெகுவாகக் கூடிவிடுகிறது. அதனால்தான் ஒரு திசுவில் இது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி முக்கியமாகிறது. அதற்கு விடை தேட ஆய்வாளர்கள் பெரிதும் நம்பும் கருவி ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள்.

ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது?

ஆன்டிபாடி ஒரு புரதத்தை முழுதாக அடையாளம் காண்பதில்லை. அதன் ஒரு சிறு பகுதியில் மட்டுமே போய் ஒட்டுகிறது. அந்தப் பகுதிக்கு எபிடோப் என்று பெயர். என்சைமின் ஒரு துண்டை முயலுக்குச் செலுத்தினால், முயலின் ரத்தத்தில் பல எபிடோப்புகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை கிடைக்கும். ஒரே எபிடோப்பை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வழியை 1975-ல் ஜார்ஜ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

எதைப் பிடிப்பதற்காக ஓர் ஆன்டிபாடி தயாரிக்கப்பட்டதோ அதை மட்டுமே அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இதே என்சைமின் வரலாறே அதற்குச் சாட்சி. 1989-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பிரான்சிஸ் குஹாஜ்டாவும் சக ஆய்வாளர்களும், ஹாப்டோகுளோபின் சார்ந்த ஒரு புரதத்துக்கான ஆன்டிபாடியைக் கொண்டு மார்பகப் புற்றுநோய்த் திசுக்களைச் சோதித்தார்கள். சாயம் ஏறிய கட்டிகளில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் ஆன்டிபாடி அங்கே பிடித்திருந்தது வேறொரு புரதத்தை. ஓஏ-519 என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் உண்மையில் கொழுப்பு அமில சிந்தேஸ்தான் என்று 1994-ல் அதே குழு அறிவித்தது. அடையாளம் தவறியிருந்தாலும் கவனிப்பு வீண்போகவில்லை. புற்றுநோய்க்கும் கொழுப்பு உற்பத்திக்கும் உள்ள தொடர்பை நோக்கிப் பெரியதோர் ஆய்வுத் துறையே அதிலிருந்து வளர்ந்தது. ஆன்டிபாடி ஒட்டியது என்பது வேறு. எதில் ஒட்டியது என்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக நிரூபணம் வேண்டும்.

ஜெல்லில் ஒரு பட்டை

அந்த நிரூபணத்தின் முதல் படி வெஸ்டர்ன் பிளாட். செல்களை உடைத்து, புரதங்களை எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளுடன் சூடாக்கி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் ஓடிப் பிரியும். பிரிந்தவற்றை மெல்லிய சவ்வுக்கு மாற்றி, பால்பவுடர் கரைசலில் ஊறவைக்கிறார்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்கத்தான் இந்த ஊறல். பிறகு முதல் ஆன்டிபாடி. அதைப் பிடிக்க, ஒளி உண்டாக்கும் என்சைம் பொருத்திய இரண்டாம் ஆன்டிபாடி. புரதம் இருக்கும் இடம் ஒரு பட்டையாகத் தெரியும்.

கொழுப்பு அமில சிந்தேஸ் மிகப் பெரிய புரதம் என்பதால் இங்கே தனிக் கவனம் வேண்டும். சிறு புரதங்களுக்கு ஏற்ற அடர்த்தியான ஜெல்லில் அது மேலேயே தங்கிவிடும். 6 சதவீதம் போன்ற நீர்த்த ஜெல்லோ, மேலிருந்து கீழாக அடர்த்தி கூடும் ஜெல்லோ தேவை. சவ்வுக்கு மாறுவதிலும் அது தாமதிக்கும். ஆகவே குளிர் அறையில் இரவு முழுவதும் மெதுவாக மாற்றுவதும், கரைசலில் மெத்தனாலைக் குறைப்பதும் வழக்கம். பட்டை 270 கிலோடால்டன் அருகே வர வேண்டும். கீழே சிறு பட்டைகள் தெரிந்தால், புரதம் சிதைந்திருக்கலாம். அல்லது ஆன்டிபாடி வேறெதையோ பிடித்திருக்கலாம். சிதைவைத் தவிர்க்க, செல்லை உடைக்கும்போதே புரதச் சிதைவுத் தடுப்பான்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்துச் செய்வார்கள்.

திசுவில் பழுப்பு நிறம்

எந்தச் செல்லில் என்சைம் இருக்கிறது என்பதை வெஸ்டர்ன் பிளாட் காட்டாது. செல்கள் எல்லாம் உடைந்து கலந்துவிடுகின்றன. அதற்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி முறை உதவுகிறது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவை மெல்லியதாகச் சீவி, சூடான கரைசலில் வைத்து, ஃபார்மலின் மறைத்த எபிடோப்புகளை மீண்டும் வெளிக்கொணர்கிறார்கள். ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகவும், செல் உட்கருக்கள் நீலமாகவும் தெரியும். இந்த என்சைம் சைட்டோபிளாசத்தில் இருப்பது. எனவே உட்கரு மட்டும் பழுப்பேறினால் சந்தேகிக்க வேண்டும். கல்லீரல் அல்லது கொழுப்புத் திசுவின் சீவலையும் கூடவே சோதிப்பது நல்லது. அதிலும் நிறம் வரவில்லை என்றால், கட்டியில் நிறம் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நம்பலாமா?

ஆன்டிபாடியைச் சோதிக்கும் ஐந்து வழிகளை 2016-ல் ஒரு சர்வதேச வல்லுநர் குழு வகுத்துத் தந்தது. அவற்றில் மிக வலுவானவற்றுள் ஒன்று மரபணு வழி: என்சைமுக்கான மரபணுவைச் செல்லிலிருந்து நீக்கினால் பட்டை மறைய வேண்டும். மறையாத பட்டை அந்த என்சைமுடையது அல்ல. வேறு எபிடோப்பைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடியும் அதே விடையைத் தருகிறதா என்று பார்ப்பது மற்றொரு வழி. ஜெல்லில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி திசுவில் தோற்கலாம். ஜெல்லில் புரதம் மடிப்பு அவிழ்ந்து கிடக்கிறது, திசுவில் அப்படியில்லை. எனவே ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிச் சோதனை அவசியம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், ஆன்டிபாடி சொல்வது என்சைமின் அளவைத்தான். அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்வதில்லை. செருலெனின் என்ற பொருள் இந்த என்சைமோடு பிணைந்து அதன் வேலையை நிறுத்திவிடும். உடனே வெஸ்டர்ன் பிளாட் எடுத்தால் பட்டை அப்படியே இருக்கும். செயல்பாட்டை அறிய, மலோனைல் கோ-ஏ சேர்த்து, 340 நானோமீட்டர் ஒளியில் என்ஏடிபிஹெச் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் கையில் இருந்தால்தான், கொழுப்பு உற்பத்தி கூடியதற்குக் காரணம் என்சைம் பெருகியதா, இருந்த என்சைமே கூடுதலாக உழைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

(தொடரும்)