இரு வலைகளை இணைத்த வாயில்

எழுதுகிறவர் ஒரு நாட்டிலும் பெறுகிறவர் வேறொரு நாட்டிலும் இருந்தாலும், முகவரி சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. உலக நாடுகளின் அஞ்சல் துறைகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருப்பதே அதற்குக் காரணம். கணிப்பொறி வழியே செல்லும் கடிதங்களுக்கு இத்தகைய உடன்பாடு தொடக்கத்தில் இல்லை. ஒரு வலையமைப்பில் எழுதிய கடிதம் மற்றொன்றிற்குள் நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்தத் தடையைச் சில ஆர்வலர்கள் தம் வீட்டுக் கணிப்பொறிகளைக் கொண்டே நீக்கினர். அது எவ்வாறு இயன்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தகவல் பலகை

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் பெரும் பனிப்புயலில் சிக்கியது. வெளியே செல்ல இயலாத அந்நாட்களில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இரு நண்பர்கள் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினர். மன்றங்களின் சுவரில் அறிவிப்புப் பலகை தொங்குமல்லவா? அதைப் போன்ற ஒன்றைக் கணிப்பொறிக்குள் அமைக்க எண்ணினர். 1978 பிப்ரவரி 16 அன்று அது செயல்படத் தொடங்கியது. தொலைபேசியில் அந்தக் கணிப்பொறியை அழைத்தால், மோடம் என்னும் கருவி ஒலியை எழுத்தாக மாற்றும். பிறர் எழுதியதைப் படிக்கலாம், நாமும் எழுதலாம். ஒரு தொலைபேசி இணைப்பே இருந்ததால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே வர முடியும்.

இத்தகைய பலகைகள் பல ஊர்களில் தோன்றின. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தீவாகவே இருந்தது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாம் ஜென்னிங்ஸ், ஒரு பலகை மற்றொரு பலகையைத் தானே அழைத்துக் கடிதங்களை ஒப்படைக்கும் முறையை உருவாக்கினார். அதுவே ஃபைடோநெட். ‘ஃபைடோ’ என்பது அந்நாட்டில் நாய்களுக்கு இடும் செல்லப்பெயர்.

நள்ளிரவு அஞ்சல்

தொலைதூர அழைப்புக்குக் கட்டணம் மிகுதி. இரவில் அது குறையும். ஆகவே நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை அஞ்சலுக்கென்றே ஒதுக்கினர். அந்த நேரத்தில் பலகைகள் மனிதர்களுக்குக் கதவடைத்துவிட்டுத் தமக்குள் கடிதங்களை மாற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பழைய மோடத்தின் வேகம் விநாடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்கு, அதன் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்து, 10 பிட் தேவை என்று கொண்டால் விநாடிக்கு 30 எழுத்துகள் செல்லும். 3,000 எழுத்துகள் கொண்ட கடிதத்திற்கு 100 விநாடிகள் ஆகும். விநாடிக்கு 2,400 பிட் வேக மோடத்தில் அதே கடிதத்திற்கு 12.5 விநாடிகள் போதும். ஒவ்வொரு விநாடிக்கும் பணம் கொடுத்தவர், பலகையை நடத்திய தனிமனிதர்.

பலகைகள் பெருகியபோது ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் அழைப்பது இயலாததாயிற்று. 1985இல் செயின்ட் லூயிஸ் நகரின் கென் காப்ளான், பென் பேக்கர் முதலியோரின் ஒத்துழைப்புடன் புதிய ஏற்பாடு வந்தது. ஓர் ஊருக்கான கடிதங்கள் அனைத்தும் ஒரே அழைப்பில் அவ்வூரின் தலைமைப் பலகைக்குச் செல்லும். அங்கிருந்து உள்ளூர் அழைப்புகளில் பிரித்து வழங்கப்படும். நம் தலைமை அஞ்சலகமும் கிளை அஞ்சலகமும் போன்றதே இது. பின்னர் கண்டங்களுக்கும் எண்கள் வந்தன. 2:50/7 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். 2 என்பது ஐரோப்பிய மண்டலம். 50 என்பது அதிலுள்ள ஒரு வலை. 7 என்பது பலகையின் எண்.

மறுபுறம் இணையம்

இதே காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் இணையம் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே முகவரி எண்ணாக இல்லாமல் பெயராக இருந்தது. கடிதத்தின் தலைப்பு, தேதி, உள்ளடக்கம் ஆகியவற்றை அமைக்கும் விதிகளும் வேறு. ஃபைடோநெட்டில் பெறுநர் பெயரின் நடுவே இடைவெளி விடலாம். இணைய முகவரியில் அவ்வாறு எழுதுவது வழக்கமில்லை. இரு மொழிக்காரர்கள் எதிரெதிரே நின்றது போன்ற நிலை!

இவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்று இருந்தது. யூனிக்ஸ் கணிப்பொறிகள் தொலைபேசி வழியே கோப்புகளையும் கடிதங்களையும் பரிமாறிக்கொள்ள யு.யு.சி.பி. என்ற முறையைப் பயன்படுத்தி வந்தன. டிம் போசார், கேரி பாக்ஸினோஸ், ஜான் கால்வின் ஆகிய மூவரும் 1980களின் பிற்பகுதியில் யு.எஃப்.கேட் என்ற நிரலை உருவாக்கினர். சாதாரண டாஸ் கணிப்பொறியில் இயங்கிய இந்நிரல், ஃபைடோநெட் கடிதத்தை யு.யு.சி.பி. கடிதமாகவும் அதனை மீண்டும் ஃபைடோநெட் கடிதமாகவும் மாற்றியது. இப்பணியைச் செய்த கணிப்பொறியே ‘வாயில்’ எனப்பட்டது.

முகவரியை மாற்றிய விதம்

இணையத்திலிருந்து வரும் கடிதத்திற்காக ஃபைடோநெட் எண்களையே பெயராக மாற்றினர். மேற்சொன்ன 2:50/7 என்பது ‘எஃப்7.என்50.இசட்2.ஃபைடோநெட்.ஆர்க்’ என்று ஆயிற்று. பெறுநரின் பெயரிலுள்ள இடைவெளிக்குப் பதில் புள்ளி இடப்பட்டது. இந்தப் பெயருக்கு உரிய வாயில் எது என்பதை இணையத்தின் பெயர்ப் பதிவேடு சொல்லும். கடிதம் அந்த வாயிலுக்கு வந்து, எண் முகவரியாக மாறி, அன்றிரவு தொலைபேசியில் பயணம் தொடரும்.

எதிர்த்திசையில் வேறொரு உத்தி. ஃபைடோநெட் கடிதத்தின் பெறுநர் இடத்தில் இணைய முகவரி அடங்காது. எனவே பெறுநராக ‘யு.யு.சி.பி.’ என்று எழுதி, கடிதத்தை வாயிலின் எண்ணுக்கு அனுப்புவர். உண்மையான முகவரியைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதுவர். வாயில் அந்த வரியைப் படித்து, உரியவருக்குப் புதிய உறையிட்டு அனுப்பிவிடும். மறுமுனைக்குப் போய்ச்சேர ஓரிரு நாட்கள் ஆகலாம்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவரும், பதிலைக் கேட்டு எழுதி முகவரியிட்டுக் கொடுத்தவரும் ஊர்த் தபால்காரரே என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாயிலின் வேலையைப் படித்தபோது அந்தத் தபால்காரர்தான் என் நினைவுக்கு வந்தார். இரு பக்கத்து வழக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால், ஒரு பக்கம் மட்டுமே தெரிந்தவருக்கும் உலகம் திறக்கிறது.

ஆப்பிரிக்காவில் கிடைத்த பயன்

இதன் பயனை அதிகம் உணர்ந்தவர்கள் இணையம் எட்டாத நாட்டினரே. நிறவெறி ஆட்சியின் காரணமாக உலகத் தொடர்புகளிலிருந்து தென்னாப்பிரிக்கா ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலத்தில், அங்குள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் ஃபைடோநெட் வழியே அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இருந்த ராண்டி புஷ் என்பாருடன் அஞ்சல் தொடர்பு ஏற்படுத்தியது. ஆசிரியர்களின் கடிதங்கள் அவருடைய வாயில் வழியே இணையத்தை அடைந்தன. 1991 நவம்பரில் அந்நாட்டின் முதல் நேரடி இணைய இணைப்பும் அவர் வீட்டுடனேயே ஏற்பட்டது.

லண்டனில் இயங்கிய கிரீன்நெட் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் இத்தகைய வாயில் ஒன்றை நடத்தி, ஆப்பிரிக்க நாடுகளின் தொண்டு அமைப்புகளுக்கு அஞ்சல் வழங்கியது. இதயநோய் மருத்துவர் பெர்னார்டு லோன் தோற்றுவித்த சாட்டல்லைஃப் அமைப்பின் ஹெல்த்நெட் சேவையும் ஃபைடோநெட் முறையைக் கையாண்டு மருத்துவச் செய்திகளை ஆப்பிரிக்க மருத்துவர்களிடம் சேர்த்தது. தொலைபேசி அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில், நாள் முழுதும் இணைப்பு தேவைப்படாத இம்முறையே பொருத்தமாக இருந்தது. கிடைக்கும் சில நிமிடங்களில் கடிதங்களை வாங்கிக்கொண்டு, பின்னர் நிதானமாகப் படிக்கலாமல்லவா?

இன்று நாம் அறிய வேண்டுவது

1990களின் நடுப்பகுதியில் ஃபைடோநெட் 30,000க்கும் மேற்பட்ட பலகைகளைக் கொண்டிருந்தது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15இல்தான். இணையம் மலிவானதும் பலகைகள் குறைந்தன. எனினும் ஆர்வலர் சிலர் இன்றும் அவற்றை நடத்தி வருகின்றனர்.

இன்று நம் கைப்பேசியில் செய்திச் செயலிகள் பல உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பப் பெரும்பாலும் வழியில்லை. நண்பர் எந்தச் செயலியில் இருக்கிறாரோ அதில் நாமும் சேர வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் மட்டும் எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்தும் எந்த முகவரிக்கும் செல்கிறது. விதிகள் எல்லோருக்கும் திறந்திருப்பதே இதற்குக் காரணம். அத்திறப்பு தானாக வந்ததன்று; தம் தொலைபேசிக் கட்டணத்தைத் தாமே செலுத்தி, ஊர் பேர் அறியாதவரின் கடிதங்களைச் சுமந்தவர்களின் உழைப்பும் அதில் உண்டு. கணிப்பொறியியலில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள் புதிய செயலிகளைப் படைக்க விரும்புவது நன்றே. அவற்றினிடையே வாயில் அமைக்கும் பணியையும் சிலர் மேற்கொண்டால் பலருக்குப் பயன்படும்.