அப்பா கடையில 5 கிலோ சிலிண்டர் விற்கலாமா? லாபத்துக்கு முன்னாடி போட வேண்டிய பாதுகாப்புக் கணக்கு



நீங்க ஸ்ரீபெரும்புதூர்லயோ ஒரகடத்துலயோ மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்குறீங்க. அப்பா காஞ்சிபுரத்துல மளிகைக் கடை வெச்சிருக்கார். "சின்ன சிலிண்டருக்கு நல்ல டிமாண்ட் இருக்கு, நம்ம கடையிலயும் போடலாம்"னு யாரோ ஐடியா கொடுக்கிறாங்க. கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, போடலாமான்னு யோசிக்கிறீங்க.

இது நல்ல சைடு பிசினஸ்தான். ஆனா மத்த சரக்கு மாதிரி அடுக்கி வெச்சு விற்கிற பொருள் இது இல்ல. அதனால லாபக் கணக்கோட ரிஸ்க் கணக்கையும் சேர்த்தே பார்த்துடுவோம்.

முதல்ல, இது என்ன பிசினஸ்?

2013-ல எண்ணெய் நிறுவனங்கள் 5 கிலோ சிலிண்டரை வெளிச் சந்தையில விற்க ஆரம்பிச்சாங்க. முகவரிச் சான்று தேவையில்ல, அடையாள அட்டை காட்டினா போதும். 2020 டிசம்பர்ல இந்தியன் ஆயில் இதுக்கு 'சோட்டு'ன்னு பேர் வெச்சது. பெட்ரோல் பங்க், மளிகைக் கடைன்னு பல இடத்துல கிடைக்குது. காலி சிலிண்டரைக் கொடுத்துட்டு நிரம்பினதை வாங்கிட்டுப் போகலாம். வெளியூர்ல இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கி கம்பெனி வேலைக்குப் போறவங்கதான் முக்கியமான கஸ்டமர். மானியம் கிடையாது, ஜிஎஸ்டியும் வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம்னா இதுக்கு 18 சதவீதம். அதனால கிலோ கணக்குல பார்த்தா விலை அதிகம்தான்.

இருபதுதான் உச்சவரம்பு

2016-ஆம் வருஷத்து எரிவாயு சிலிண்டர் விதிகள்படி, உரிமம் இல்லாம ஒரு இடத்துல மொத்தம் 100 கிலோ எல்பிஜி வரைக்கும்தான் வைக்கலாம். 5 கிலோவால வகுத்தா 20 சிலிண்டர். அதுக்கு மேல போனா பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போட உரிமமும், விதிப்படி கட்டின தனிக் கிடங்கும் வேணும்.

பிசினஸோட அளவை முடிவு பண்றதே இந்த எண்தான். கணக்குக்காக ஒரு சிலிண்டருக்கு 50 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம் (இது உண்மையான கமிஷன் ரேட் இல்ல, அதை ஏஜென்சிகிட்ட எழுத்துல வாங்குங்க). வாரம் 20 வித்தா ஆயிரம் ரூபாய், மாசம் நாலாயிரம். "தீபாவளிக்கு கூட்டம் வரும், ஐம்பது இறக்கிடலாம்"னு தோணும். அங்கதான் சட்டமும் உடையுது, ஆபத்தும் ஏறுது. அதிகம் விற்கணும்னா சரக்கை குவிக்காதீங்க, ஏஜென்சி வண்டியை வாரத்துக்கு ரெண்டு தடவை வரச் சொல்லுங்க.

ஒரு சிலிண்டர், நாலு ரூம்

5 கிலோன்னா சின்னதுதானேன்னு நினைக்காதீங்க. உள்ளே திரவமா இருக்கிற எல்பிஜி வெளியே வந்தா சுமார் 250 மடங்கு விரியும். காற்றுல ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். கணக்குப் போட்டா, ஒரு 5 கிலோ சிலிண்டர் முழுசா கசிஞ்சா பத்துக்குப் பத்து ரூம் நாலை நிரப்புற அளவுக்கு எரியக்கூடிய கலவை உருவாகும்.

இந்த வாயு காற்றை விட கனமானது. மேலே போகாது, தரையோட ஊர்ந்து பள்ளத்துல போய் உட்காரும். பிள்ளையார்பாளையம் பக்கம் பல வீடுகள்ல குழித்தறி இருக்கு. நெசவாளர் கால் வெச்சு மிதிக்கிற அந்தக் குழி தரைக்குக் கீழ இருக்கு. முன்னாடி கடை, பின்னாடி தறின்னு இருக்கிற வீட்டுல சிலிண்டர் கசிஞ்சா, வாயு தேடிப் போற இடம் அந்தக் குழிதான். பக்கத்துலயே பட்டு நூல், ஜரிகை, பாதி நெய்த புடவை எல்லாம் இருக்கும். தறி ஓடுற வீட்டோட ஒரே கூரையில இருக்கிற கடைக்கு இந்த பிசினஸ் வேண்டவே வேண்டாம். எத்தனை கமிஷன் வந்தாலும் சரி.

பக்கத்துலயே நடந்தது

2022 செப்டம்பர் 28-ஆம் தேதி, நம்ம மாவட்டத்துல ஒரகடம் பக்கம் தேவரியம்பாக்கத்துல சிலிண்டர் வெச்சிருந்த கிடங்குல தீ பிடிச்சு சிலிண்டர்கள் வெடிச்சது. பத்து பேருக்கு மேல தீக்காயம். ஆஸ்பத்திரியில சேர்த்தவங்கள்ல பலர் பிழைக்கல. ஒரு சிலிண்டர்ல பிடிச்ச தீ பக்கத்து சிலிண்டரைச் சூடாக்கும், அது அடுத்ததை. விதி 100 கிலோன்னு கோடு போடுறதுக்குக் காரணம் இதுதான்.

கடையில எப்படி வைக்கணும்?

- தரைத்தளம் மட்டும். பேஸ்மென்ட், மாடிப்படிக்கு அடியில, சாக்கடை மூடிக்குப் பக்கத்துல கூடாது.
- காத்து நல்லா வந்து போற இடம், முடிஞ்சா கடைக்கு வெளியே பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டு. அமெரிக்காவுல கடை வாசல்ல புரொப்பேன் சிலிண்டர் மாத்திக் கொடுக்கிறதும் இப்படித்தான்.
- எப்பவும் நிமிர்த்தி வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. வால்வு மூடி எப்பவும் மேல இருக்கணும்.
- நிரம்பினது ஒரு பக்கம், காலி ஒரு பக்கம். காலியிலயும் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும், அதையும் அதே மரியாதையோட நடத்துங்க.
- கற்பூரம், தீப்பெட்டி, மண்ணெண்ணெய், பட்டாசு பக்கத்துல வேண்டாம். ஸ்விட்ச் போர்டு, சாமி விளக்கு தள்ளி இருக்கட்டும்.
- டிரை பவுடர் தீயணைப்பான் கை எட்டுற தூரத்துல இருக்கணும். அதைப் பயன்படுத்த அப்பாவுக்கும் கடைப் பையனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.
- கசிவு சந்தேகம்னா சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, தீக்குச்சி கிட்டயே வரக் கூடாது. வாசனை வந்தா ஸ்விட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, வெளியே நின்னு 1906-க்கு போன் பண்ணுங்க.

சரக்கு இறங்கும்போது ஒவ்வொரு சிலிண்டரிலயும் பரிசோதனை தேதியைப் பாருங்க. எழுத்தும் எண்ணுமா இருக்கும். ஏ-ன்னா மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'சி-27'ன்னா 2027 செப்டம்பர் வரைக்கும். தேதி தாண்டினதை இறக்கவே விடாதீங்க.

காசு நிஜமா எங்க போகும்?

எண்ணெய் நிறுவனங்கள் எல்பிஜி விபத்துக்கு காப்பீடு எடுத்திருக்காங்க, பதிவு செஞ்ச வாடிக்கையாளர் தனியா பிரீமியம் கட்ட வேண்டாம். இறப்புக்கு ஒருத்தருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவு ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம், ஒருத்தருக்கு அதிகபட்சம் 2 லட்சம். சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை, அதுவும் வாடிக்கையாளரோட பதிவு செஞ்ச முகவரியில நடந்தா.

இது உங்க கடைச் சரக்கைக் காப்பாத்தும்னு நம்பி உட்காராதீங்க. கடைக்குத் தனியா தீ காப்பீடு இருக்கணும், அதுல "இங்க எல்பிஜி சிலிண்டர் வெச்சு விற்கிறோம்"னு எழுத்துல சொல்லியிருக்கணும். மளிகைக் கடைன்னு மட்டும் எழுதி எடுத்த பாலிசியில, சொல்லாம விட்ட சிலிண்டரைக் காட்டியே கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். கூடுதல் பிரீமியம் கேட்டா, அதை மாச லாபத்துல கழிச்சுட்டு மறுபடி கணக்குப் போடுங்க. கடை வாடகைன்னா ஓனரோட சம்மதத்தையும் எழுத்துல வாங்குங்க.

பெரிய சிலிண்டர்ல இருந்து சின்னதுக்கு மாத்தி நிரப்பிக் கொடுக்கிற வேலை கிட்டயே போகாதீங்க. அதிக லாபம்னு சொல்லி யாராவது வருவாங்க. அது அத்தியாவசியப் பொருள் சட்டப்படி குற்றம், விபத்து நடந்தா காப்பீடும் கைகொடுக்காது. ரூம்ல தங்கியிருக்கிற நீங்களும் அப்படி நிரப்பினதை வாங்காதீங்க. அங்க மிச்சமாகுற நூறு, இருநூறு ரூபாய்க்காக நீங்க விட்டுக்கொடுக்கிறது அந்தக் காப்பீடு முழுசையும்.

கடைசியா ஒரு முடிவு

இந்த வாரம் அப்பாகூட உட்கார்ந்து நாலு கேள்விக்கு பதில் எழுதுங்க. வைக்கிறதுக்கு காத்தோட்டமான, பள்ளம் இல்லாத இடம் இருக்கா? ஏஜென்சியோட எழுத்து ஒப்பந்தம் கிடைக்குமா? பாலிசியில சேர்த்தாச்சா? இருபதுக்கு மேல வைக்க மாட்டோம்னு அப்பா சொல்றாரா?

நாலுக்கும் 'ஆமா'ன்னா தாராளமா ஆரம்பிங்க. ஒண்ணுக்கு 'இல்ல'ன்னாலும் அந்தப் பணத்தை ஆர்.டி.யில போடுங்க. வட்டி கம்மிதான், ஆனா அப்பா கடையைப் பூட்டிட்டு வர்ற வரைக்கும் நீங்க பயந்துட்டு இருக்க வேண்டாம்.