ஒர்க்‌ஷாப்பில் இருந்து சர்வீஸ் சென்டருக்கு

எழுபது, எண்பதுகளில் குமரி மாவட்டத்து நெய்யூரில் பஜாஜ் சேட்டக் வாங்க ஆசைப்பட்டவர் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். 1972-ல் வந்த வண்டி அது. இத்தனைதான் தயாரிக்கலாம் என்று அரசு உரிமம் அளந்து கொடுத்த காலம். பொறுக்காதவர்கள், முறை வந்தவரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார்கள். வண்டி வந்துவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முட்டம் கடற்கரை, இல்லையென்றால் திற்பரப்பு அருவி. முன்னால் ஒரு பிள்ளை நிற்கும். பின்னால் அம்மா, மடியில் இன்னொன்று.

மக்கர் செய்தால் திங்கள்நகர் வரை உருட்டிக்கொண்டு போனால் போதும். ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து உதைத்துப் பார்ப்பார். பிளக்கைக் கழற்றி, கரி பிடித்த நுனியை உப்புத்தாளால் தேய்ப்பார். அதற்கும் மசியாவிட்டால் கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாயால் ஊதுவார். நாம் பக்கத்திலேயே இருப்போம். மாற்றிய சாமானை நம் கையில் வைத்து, “பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, தேஞ்சு போச்சு” என்பார்.

இன்று நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ போனால், லோன் உட்பட எல்லாம் முடிந்து வண்டி சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறது. காத்திருப்பு சர்வீஸுக்கு இடம் மாறிவிட்டது. எங்கள் காரை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைத் தொட்டவர் யாரென்றே தெரியவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் “ஸ்பேர் வரணும் சார்.” மாற்றியதாக பில்லில் போட்டிருந்த சென்சாரின் பழையதைக் கேட்டேன், கடைசிவரை தரவில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கே போகலாமென்றால், கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கைத்திறன் உள்ள மெக்கானிக்குகள் வெளியே நிற்கிறார்கள், இது அநியாயம். உதிரி பாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

அன்று இல்லாத ஒரு பலம் இன்று நமக்கு இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நெய்யூர்க்காரர் தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டிக்கோ சர்வீஸுக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மாற்றும் சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று, வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.