"புரோக்கோலி மேல பந்து உருட்டுறோம்!" - புது கோல்ப் மைதானத்தை வறுத்தெடுத்த வீரர்கள்: கோளாறு எங்கே?

கோல்ப் ஆடுபவர்கள் பொதுவாக வாயைத் திறந்து மைதானத்தைத் திட்ட மாட்டார்கள். தொப்பியைக் கழற்றி, கையைக் குலுக்கி, "நல்ல மைதானம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பணக்கார விளையாட்டு, அதற்கேற்ற மரியாதை!

ஆனால் 2015 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த யு.எஸ். ஓபன் போட்டியில் கதையே வேறு. உலகின் முன்னணி வீரர்கள் வரிசையாக மைக் முன்னால் நின்று மைதானத்தை வறுத்தெடுத்தார்கள்.

அந்த மைதானத்தின் பெயர் சேம்பர்ஸ் பே. வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரத்தை ஒட்டிய யுனிவர்சிட்டி பிளேஸ் என்ற ஊரில், கடலோரமாக இருக்கிறது. (தலைநகர் வாஷிங்டன் இல்லை. இது அந்தப் பக்கம், சியாட்டில் இருக்கிற மாநிலம்.)

திறந்து 8 வருஷம்தான் ஆகியிருந்தது. நூறு வருஷ மைதானங்களில் நடக்கிற போட்டிக்கு இது நேற்றுப் பிறந்த குழந்தை. அப்படி என்னதான் கோளாறு? விவரம் வருமாறு:-

ஜல்லி குவாரி கோல்ப் ஆன கதை

இந்த இடம் பல பத்தாண்டுகளாக மணலும் ஜல்லியும் அள்ளிய குவாரி. பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். தோண்டித் தோண்டி பெரிய பள்ளமாகக் கிடந்த இடத்தை வாங்கியது பியர்ஸ் கவுண்டி நிர்வாகம். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அதாவது இது கோடீஸ்வரர் கிளப் இல்லை, அரசாங்க மைதானம். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

வடிவமைத்தது ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் நிறுவனம். அப்பா காலத்தில் இருந்தே மைதானம் அமைக்கிற குடும்பம் அது. வேலை கேட்டு வந்தபோதே இவர்கள் அதிகாரிகளிடம் ஒரு அட்டையை நீட்டினார்கள். கோல்ப் பையில் மாட்டுகிற அட்டை. அதில் '2030 யு.எஸ். ஓபன்' என்று அச்சடித்திருந்தது! கிண்டல் மாதிரி தெரிந்தாலும் காரியம் பலித்தது. சொன்னதை விட 15 வருஷம் முன்னாடியே போட்டி வந்துவிட்டது.

செலவு 2 கோடி டாலருக்கு மேல். மக்கள் பணத்தில் இது தேவையா என்று உள்ளூரில் முணுமுணுப்பும் இருந்தது. 2007 ஜூன் மாதம் மைதானம் திறந்தார்கள். 8 மாதம்கூட ஓடியிருக்காது, 2008 பிப்ரவரியில் அமெரிக்க கோல்ப் சங்கம் 2015 யு.எஸ். ஓபனை இங்கே நடத்தப் போவதாக அறிவித்துவிட்டது.

ஒரே ஒரு மரம்

முதலில் வந்து ஆடியவர்களுக்கு இது புது அனுபவம். அமெரிக்காவில் கோல்ப் மைதானம் என்றால் குளம், வரிசையாக மரம், பச்சைப் பசேல் புல். இங்கே அது எதுவும் கிடையாது. ஸ்காட்லாந்து கடற்கரை மைதானம் மாதிரி மணல் மேடு, பள்ளம், காற்று, காய்ந்த பழுப்பு நிறப் புல். மேடுகள் தானாக வந்தவை அல்ல. குவாரியில் கிடந்த மணலையே சலித்து, மலை மலையாகக் குவித்து உண்டாக்கியவை. ஜல்லி பிரித்த பழைய கான்கிரீட் சுவர்களையும் இடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மொத்த மைதானத்துக்கும் இருப்பது ஒரே ஒரு மரம்தான். 15-வது குழி பக்கம் நிற்கிற ஊசியிலை மரம். 2008-ல் யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கோடாலியால் வெட்டிவிட்டான். நல்லவேளை, வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

இங்கே வண்டியில் உட்கார்ந்து போக முடியாது. நடந்துதான் ஆடணும். ஒரு குழியில் இருந்து அடுத்த குழிக்கு ஏறி இறங்குவதற்குள் முழங்கால் பேசும். நடுத்தர வயசு ஆட்கள் பலருக்கு முதல் அபிப்பிராயமே மூச்சு வாங்கியதுதான்.

காய்கறிக் கடை

சரி, திட்டிய கதைக்கு வருவோம்.

சுவீடன் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்து உருட்டுவது புரோக்கோலி மேல் உருட்டுவது மாதிரி இருக்கிறது என்றார். காலிபிளவர் மாதிரியே பச்சையாக இருக்குமே, அந்தக் காய்தான். வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்ராயிடம் இதைக் கேட்டார்கள். புரோக்கோலி அளவுக்குப் பச்சையாக இல்லை, காலிபிளவர்னு சொல்லலாம் என்று அவர் திருத்தம் கொடுத்தார்!

79 வயது தென்ஆப்பிரிக்க ஜாம்பவான் கேரி பிளேயர் இன்னும் காட்டம். தன் 63 வருஷ அனுபவத்தில் பார்த்த மைதானங்களிலேயே இதுதான் மோசமாக இருக்கும் போல என்று டி.வி.யில் போட்டு உடைத்தார்.

டைகர் உட்ஸ் முதல் நாள் 80 ஷாட் அடித்து, இரண்டாம் நாளோடு மூட்டை கட்டினார்.

பார்க்க வந்த ஜனம் பாடும் திண்டாட்டம்தான். மணல் மேட்டில் சறுக்கி விழுந்தார்கள். 8-வது குழிப் பக்கம் ரசிகர்கள் நிற்கவே இடம் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் தூரத்தில் இருந்து தொப்பியைத்தான் பார்க்க முடிந்தது. இது வடிவமைப்பில் உள்ள குறைதான். இதற்கு யாரும் சப்பைக்கட்டு கட்ட முடியாது.

புல்லுக்குள் புகுந்த புல்

ஆனால் வீரர்கள் அதிகம் திட்டியது மேடு பள்ளத்தை அல்ல, புல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கோல்ப்பில் குழியைச் சுற்றி 'கிரீன்' என்று ஒரு பகுதி இருக்கும். கேரம் போர்டு மாதிரி வழவழவென்று இருக்கணும். மெதுவாகத் தட்டினால் பந்து கோடு போட்ட மாதிரி போகணும். கேரம் போர்டில் பவுடருக்குப் பதில் ரவையைக் கொட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடந்தது.

வடிவமைத்தவர்கள் மைதானம் பூராவும் 'ஃபெஸ்க்யூ' என்ற மெல்லிய புல்லை விதைத்தார்கள். ஸ்காட்லாந்தில் வளர்கிற வகை. தண்ணீர் கொஞ்சம் போதும், உரம் அதிகம் வேண்டாம். ஆனால் மெதுவாகத்தான் வளரும். ஆள் நடமாட்டம் அதிகமானால் தாங்காது.

இது பொது மைதானம். தினமும் ஆட்கள் மிதிக்கிறார்கள். ஊரோ மழையும் ஈரமும் உள்ள ஊர். மிதிபட்டு ஃபெஸ்க்யூ மெலிந்த இடத்தில் எல்லாம் 'போவா' என்ற இன்னொரு புல் உள்ளே புகுந்தது. நெல் வயலில் கோரை புகுந்த மாதிரி.

போவா வேகமாக வளரும், பொடிப் பொடியாகக் கதிர் விடும். காலையில் ஒரே மட்டமாக வெட்டிவிட்டாலும், சாயங்காலத்துக்குள் போவா மட்டும் எட்டிப் பார்க்கும். ஒரே தரையில் ஒரு திட்டு உயரம், ஒரு திட்டு பள்ளம். பந்து தத்தித் தத்திப் போகும். டி.வி.யில் பார்த்தவர்களுக்குக்கூட பழுப்பும் பச்சையுமாக சிரங்கு பிடித்த மாதிரி தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் போவா ஒன்றும் கெட்ட புல் இல்லை. புகழ்பெற்ற பெபிள் பீச், ஓக்மாண்ட் மைதானங்களில் கிரீன் முழுக்க போவாதான். ஒரே வகை புல்லாக இருந்தால் பிரச்சினை இல்லை. ரெண்டும் கலந்ததால் வந்த வினை!

மைக்கில் சிக்கிய ஸ்பீத்

வடிவமைப்பை நேரடியாகத் திட்டியதில் ஒன்று ரொம்பப் பிரபலம். 18-வது குழியை ஒரு நாள் 5 ஷாட் கணக்காகவும், ஒரு நாள் 4 ஷாட் கணக்காகவும் மாற்றி மாற்றி வைத்தார்கள். மைதானத்தில் அப்படி மாற்ற வசதி செய்தே வைத்திருந்தார்கள். அந்தக் குழிக்குப் போகிற வழியில் நடுவாந்திரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மணல் பள்ளம் வேறு.

வெள்ளிக்கிழமை 4 ஷாட் கணக்கு. 21 வயது அமெரிக்க வீரர் ஜோர்டான் ஸ்பீத் அங்கே மாட்டிக்கொண்டு, நான் ஆடியதிலேயே முட்டாள்தனமான குழி இதுதான் என்று தன் உதவியாளரிடம் பொரிந்தார். டி.வி. மைக்கில் அது அப்படியே பதிவாகிவிட்டது.

அந்த உதவியாளர் யார் தெரியுமா? மைக்கேல் கிரெல்லர். பை தூக்கி, யோசனை சொல்கிறவரை கோல்ப்பில் 'கேடி' என்பார்கள். நம்ம ஊர் கேடி இல்லை! கிரெல்லர் இதே யுனிவர்சிட்டி பிளேசில் 6-ம் வகுப்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளி லீவு நாட்களில் இந்த மைதானத்தில் பை தூக்கினார். 2010-ல் இங்கே நடந்த அமெச்சூர் போட்டியில் ஜஸ்டின் தாமஸ் என்ற பையனுக்குப் பை தூக்க, அந்தப் பழக்கத்தில் கிடைத்தவர்தான் ஸ்பீத். கிரெல்லர் கல்யாணமே 2013-ல் இந்த மைதானத்தில்தான் நடந்தது.

ஸ்பீத்தும் அந்த 2010 போட்டியில் இங்கே ஆடி, ஒரு நாள் 83 ஷாட் அடித்து நொந்தவர்தான்.

ரெண்டு தடவை வந்து ஆடிப் பார்த்துவிட்டு இங்கே ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள் என்று கோல்ப் சங்க நிர்வாகி மைக் டேவிஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அப்போது வீரர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. மூலை முடுக்கெல்லாம் தெரிந்த வாத்தியார் பக்கத்தில் நிற்க, கடைசியில் கோப்பையைத் தூக்கியது ஸ்பீத். பரிசு 18 லட்சம் டாலர்.

அதுவும் எப்படி? கடைசி நாள் அதே 18-வது குழி 5 ஷாட் கணக்கு. ஸ்பீத் 4-ல் முடித்தார். பின்னால் வந்த டஸ்டின் ஜான்சனுக்கு 12 அடி தூரத்தில் பந்து. ஒரே தட்டில் போட்டால் கோப்பை, ரெண்டு தட்டில் போட்டால் மறுநாள் மீண்டும் ஆட்டம். மூணு தட்டு ஆகிப்போச்சு! ஒரே ஒரு ஷாட்டில் கோப்பை போனது.

புல் சரியில்லை என்பது நிஜம். ஆனால் அதே கடைசி நாளில் ஆஸ்திரேலியாவின் ஆடம் ஸ்காட் 64 ஷாட்டில் முடித்தார். தென்ஆப்பிரிக்காவின் லூயி ஊஸ்தைசன் கடைசி 9 குழிகளை 29 ஷாட்டில் முடித்து, ஜான்சனோடு சேர்ந்து 2-வது இடம் பிடித்தார். மைதானமே தப்பு என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

பழி வந்த பிறகு

காய்கறிப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2015-க்குப் பிறகு ஆண்கள் யு.எஸ். ஓபன் இங்கே திரும்பி வரவில்லை. வெளியூர் ஆட்டக்காரர்களை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய அரசாங்க மைதானத்துக்கு இது சின்ன அடி இல்லை.

கவுண்டி நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. போவாவோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. 2018 கடைசியில் மைதானத்தை மூடி, கிரீன் பகுதியில் இருந்த கலப்புப் புல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, முழுக்க போவா புல்லையே பதித்தார்கள். 2019-ல் மறுபடி திறந்தார்கள். மேடு, பள்ளம், மணல், ஒற்றை மரம் எல்லாம் பழையபடியே இருந்தன. மைதானத்தைச் சுற்றி ஊர் ஜனம் வாக்கிங் போகிற பாதையும் இருக்கிறது. அதில் நடந்தபடியே ஆட்டத்தை ஓசியில் பார்க்கலாம்.

2022-ல் பெண்கள் அமெச்சூர் போட்டியை இங்கே கொண்டு வந்தது அமெரிக்க கோல்ப் சங்கம். பட்டம் வென்றவர் ஜப்பானைச் சேர்ந்த 17 வயது சாகி பாபா. இறுதி ஆட்டம் ஒரே நாளில் காலை 18, பிற்பகல் 18 குழி. இன்னும் 9 குழி பாக்கி இருக்கும்போதே 11 குழி முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார். ஸ்பீத் திட்டிய அந்த 18-வது குழிக்குப் பிற்பகலில் போக வேண்டிய வேலையே அவருக்கு இல்லாமல் போய்விட்டது.