புல் வெட்ட வருகிறவரின் பாதுகாப்பு யார் கையில்?

மழை விட்ட இரண்டு வாரத்தில் சென்னையின் பூங்காக்களிலும், சாலை நடுவே உள்ள மீடியன்களிலும், அடுக்ககங்களின் மதில் ஓரங்களிலும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது. அதை வெட்ட வருகிறவரின் தோளில் பிரஷ் கட்டர் தொங்குகிறது. முகத்தில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. இருந்தால் நடைபாதைக் கடையில் வாங்கிய கூலிங் கிளாஸ். இயந்திரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், சுழலும் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மறைப்பு பல நேரம் காணாமல் போயிருக்கும்.

அதைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. மறைப்பின் விளிம்பில் ஒரு சிறு கத்தி இருக்கும். புல்லை வெட்டும் நைலான் கயிறு அளவுக்கு மேல் நீண்டால் அது நறுக்கிவிடும். மறைப்பை எடுத்துவிட்டால் கயிற்றை நீளமாக விடலாம், ஒரே வீச்சில் அதிக இடம் வெட்டுப்படும், ஈரப்புல்லும் வந்து அடைக்காது. "பத்து மணிக்குள் முடிச்சிடுங்க, அடுத்த சைட்டுக்குப் போகணும்" என்று ஒப்பந்ததாரர் சொல்லும்போது அந்த மறைப்பு கழன்றுவிடுகிறது. இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல. தோட்ட வேலையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பகுதி, வேலையின் நேரத்தையும் கூலியையும் கருவியையும் யாரோ ஒருவர் முடிவு செய்தபோதே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கயிற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,000 சுற்று, வெட்டும் வட்டத்தின் விட்டம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கயிற்றின் நுனி மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. புல்லுக்குள் கிடக்கும் ஜல்லி, உடைந்த பாட்டில், கட்டுமானத்தில் மிஞ்சிய ஆணி எதைத் தட்டினாலும் அது தோட்டாவாகிறது. அதனால்தான் இயந்திரத்தோடு வரும் கையேடுகள் 15 மீட்டர் தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்கின்றன. நம் ஊரிலோ மீடியனை ஒட்டி இருசக்கர வாகனங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அடுக்ககத்தில் புல் வெட்டும் இடத்துக்கு அருகிலேயே பள்ளி வேனுக்காகக் குழந்தைகள் நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வெட்டுவதற்கு முன் ஒருவர் அந்த இடத்தை நடந்து பார்த்து, கல்லையும் கம்பியையும் பொறுக்க வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கால் வரை வரும் பூட்ஸ், முழுக்கால்சட்டை ஆகியவை வேண்டும். முகத்துக்கு வலைக்கவசம் போட்டாலும் உள்ளே கண்ணாடி தேவை. வலையின் கண் வழியாகப் பொடிக்கல் நுழையும். கண்ணில் ஏதாவது தைத்துவிட்டால் கசக்கவோ பிடுங்கவோ கூடாது. அப்படியே மூடிக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணுக்கு நேர்வது உடனே தெரிந்துவிடும். காதுக்கு நேர்வது தெரிய ஆண்டுகள் ஆகும். பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டரின் சத்தம் இயக்குபவரின் காதருகே 100 டெசிபலை ஒட்டி வரும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுகோலில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். காதடைப்பான் இல்லாமல் காலை முழுவதும் வெட்டுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். இயந்திரத்தின் அதிர்வு கை விரல்களின் ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். இரவில் விரல் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், வயசாகிவிட்டது என்று தள்ளிவிடக் கூடாது.

மருந்து அடிக்கும்போது

இயந்திரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மருந்தடிப்பு. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று பேர் இருந்தாலும் எல்லோர் வாயிலும் அது 'மருந்து'தான். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானின் மூடியில் வாஷர் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு முறை குனியும்போதும் கொஞ்சம் வழிகிறது. சட்டையின் முதுகு நனைகிறது. வேலை செய்பவர் அதை வியர்வை என்றே நினைக்கிறார். பல பூச்சிக்கொல்லிகள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும் என்பதும், வெயிலில் வியர்த்த தோல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவதும் நடக்கிறது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும் அதற்கு. துணி முகக்கவசம் தூசியைக் கொஞ்சம் தடுக்கும். நச்சு ஆவியைத் தடுக்காது.

மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்தி வயலில் மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வயலுக்கும் அடுக்ககத் தோட்டத்துக்கும் அளவில் வேறுபாடு உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் டப்பா பல நேரம் ஒன்றேதான். டப்பாவின் மேல் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை இறங்கும். களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. நாலு செடியில் மாவுப்பூச்சி வந்ததற்கு சிவப்பு முத்திரை டப்பாவை வாங்கிக் கொடுப்பது கொடுமை.

மருந்தடித்தவருக்கு எச்சிலும் கண்ணீரும் வழிந்தால், கண்மணி சுருங்கினால், தசை துடித்தால், உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

வெயிலும் கழிப்பறையும்

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கடற்கரை நகரங்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆறாது, உடல் சூடு இறங்காது. வேலைக்குப் புதிதாக வந்தவரே அதிக ஆபத்தில் இருக்கிறார். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளில் அவருக்கு வழக்கமான வேலைச்சுமையில் 20 சதவீதம் மட்டும் தந்து, தினமும் 20 சதவீதம் கூட்டலாம் என்பது நியோஷின் வழிகாட்டல். வேலை நடக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆனால் தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே. பூங்காக்களிலும் அடுக்ககங்களிலும் வேலை செய்யும் பெண்கள் பலர் இதற்குப் பயந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கழிப்பறையைத் திறந்துவிடாமல் வெயில் பற்றி அறிவுரை சொல்லிப் பயனில்லை.

மழைக்காலத்தில் வேறு ஆபத்து உண்டு. சருகுக் குவியலைக் கையால் அள்ளக் கூடாது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் அங்கேதான் ஒதுங்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108ஐ அழைக்க வேண்டும். மின்கம்பி அருகே உள்ள கிளையைத் தோட்டக்காரர் தொடவே கூடாது. உயர் அழுத்தக் கம்பியைத் தொடாமலே, நெருங்கினாலே மின்சாரம் பாயும். அங்கே அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். மின் இணைப்பை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்திடம் கேட்பது வேலை கொடுப்பவரின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது? தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக அது 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானது. இ.எஸ்.ஐ.க்கும் அதே 10 பேர் கணக்கு. சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். நாலைந்து பேரை வைத்து அடுக்கக ஒப்பந்தம் எடுக்கும் சிறு ஒப்பந்ததாரரின் ஆட்கள் இந்த வலையிலிருந்து எளிதாக நழுவிவிடுகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கை காட்டும். ஒப்பந்ததாரர், "அவர் டெய்லி ஆளுங்க" என்பார்.

இந்த ஓட்டையைச் சட்டம் அடைக்கும்வரை குடியிருப்போர் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்குள்ள, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட யாரும் சேரலாம். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கண்ணின் பார்வை முற்றிலும் போனால் 1 லட்சம். சிகிச்சைச் செலவும், வேலைக்கு வர முடியாத நாட்களின் கூலியும் அதில் வராது. அவற்றை யார் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், கண்ணாடியும் பூட்ஸும் காதடைப்பானும் யார் செலவில் என்பதோடு சேர்த்து. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் ஆள் வைத்திருக்கும் வீடுகளில், அந்தச் செலவை வீட்டுக்காரர்தான் ஏற்க வேண்டும்.